யாரைப் பார்த்துச் சிரிப்பது?

அவிநாசிபாளையம் என்று சொன்னால், "அவிநாசியா?" என்று கேட்கிறார்கள் வெளியூர்த் தோழர்கள். அல்ல. தேரும் கோபுரமும் கொண்ட அவிநாசி வேறு. நாம் கூறும் அவிநாசிபாளையம், திருப்பூரிலிருந்து தாராபுரம் செல்லும் சாலையும் கோவையிலிருந்து கரூர் செல்லும் சாலையும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடத்தில் இருக்கிறது. நால்ரோடு என்பார்கள். பொழுது விடிந்தால் பனியன் கம்பெனி வேன்கள் வந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போகும். இரவில் கொண்டுவந்து இறக்கிவிடும். ஓவர்லாக் ஓட்டியவர், கைமடித்தவர், செக்கிங் பார்த்தவர், விசைத்தறியில் நின்றவர் — எல்லோரும் ஒரு கிளாஸ் தேநீருக்காக ஐந்து நிமிடம் அங்கே நிற்பர். ஊரின் நாடி பிடித்துப் பார்க்க அந்த ஐந்து நிமிடம் போதும்.

சென்ற திங்களில் ஓர் இரவு நாமும் அங்கே நின்றோம். கட்டிங் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கைப்பேசியை நம்மிடம் நீட்டினார்.

"ஏனுங்கண்ணா, இதப் பாருங்க. ஒரே ஆளு, ஒரே மைக்கு. ஒரு மணி நேரம் சிரிக்க வெக்கறாருங்க. ஸ்டாண்டப் காமெடின்னு பேருங்க. அமெரிக்காவுல கண்டுபுடிச்சதாமுங்க."

பார்த்தோம். மறைப்பானேன், நாமும் சிரித்தோம். மாமியார் தொலைபேசியில் பேசுவதும், வாடகை வீட்டுக்காரர் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடுவதும் — அன்றாடம் நம் கண்முன் நடப்பவைதாம். நாம் பார்த்தும் பாராமல் விட்டதை எடுத்து, தட்டித் துடைத்து, இதோ பார் என்று காட்டினார் அந்தக் கலைஞர். நல்ல கலைதான். ஆனால், அமெரிக்காவில் கண்டுபிடித்தது என்றாரே தம்பி, அங்கேதான் நமக்குச் சுருக்கென்றது.

"கலைவாணர் என்.எஸ்.கே. தெரியுமா?" என்றோம்.

"பழைய படத்துல வருவாருங்களே, அவருங்களா?" என்றார்.

பழைய படத்தில் வருபவர். அவ்வளவுதானா! ஆகவே எழுதுகிறோம். தம்பிக்காக மட்டும் அல்ல, நமக்கும் இதில் ஒரு கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கிறது. அதைப் பின்னால் கூறுவோம்.

1908-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள், நாகர்கோவிலை ஒட்டிய ஒழுகினசேரியில் பிறந்தவர் கிருஷ்ணன். அந்நாளில் அது திருவிதாங்கூர் மன்னர் ஆட்சியில் இருந்த பகுதி. ஏழைக் குடும்பம். படிப்பு பாதியில் நின்றது, வயிறு நிற்கவில்லை. நாடகக் கொட்டகையில் சோடா விற்றான் சிறுவன். மேடையில் நடந்ததை மற்றவர்கள் பார்த்தார்கள். சோடா விற்ற பையனோ மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பார்ப்பவர் முகத்தைப் பார்த்தான். எந்தச் சொல்லுக்குச் சிரிக்கிறார்கள், எந்தச் சொல்லுக்குக் கொட்டாவி விடுகிறார்கள், தரையில் உட்கார்ந்தவன் எப்போது சிரிக்கிறான், நாற்காலியில் உட்கார்ந்தவர் எப்போது சிரிக்கிறார் — காசு கொடுக்காமல் அவன் கற்ற பாடம் அது என்றே நாம் எண்ணுகிறோம்.

அந்த மண்ணின் சொத்து வில்லுப்பாட்டு. ஒருவர் கதை சொல்வார், பக்கத்தில் இருப்பவர் 'ஆமா' போடுவார். அந்த 'ஆமா' சும்மா வருவது அல்ல. கேட்பவன் மனத்தில் எழும் ஐயத்தைக் கேட்பதும் அவர்தான், கதைசொல்லியைக் காலை வாரிவிடுவதும் அவர்தான். கிருஷ்ணன் கைவைத்த முதற்கலை இதுவே. பிறகு டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழு. பிறகு திரை. 1935-இல் 'மேனகா', 1936-இல் 'சதிலீலாவதி'. இந்தச் 'சதிலீலாவதி'யில்தான் எம்.ஜி.ஆரும் முதன்முதல் திரையில் தோன்றினார். 'வசந்தசேனா' படத்தில் டி.ஏ. மதுரம் அவருக்குத் துணையானார். திரையில் துணை, பிறகு வாழ்விலும் துணை.

அந்நாளில் படம் எடுப்போர் என்ன செய்தனர்? புராணக் கதையை எடுத்தனர். நாற்பது பாட்டு வைத்தனர். கொட்டகையில் தூக்கம் வராமல் இருக்க என்ன வழி? கிருஷ்ணனையும் மதுரத்தையும் அழைத்தனர். அவர் தம் நகைச்சுவைப் பகுதியைத் தாமே எழுதுவார், தம் குழுவை வைத்துத் தாமே எடுத்தும் தருவார். அது படத்தின் இடையிடையே ஒட்டப்படும். கதைக்கும் அதற்கும் ஒட்டு உறவு இராது. கலை நுணுக்கம் அறிந்தோர் இதைக் குறை என்பர். குறைதான். ஆனால் தோழர்களே, அந்த ஒட்டுக்குள்தான் ஒரு தந்திரம் இருந்தது. மூலக்கதையில் முனிவர் சாபம் கொடுத்துக்கொண்டிருப்பார். ஒட்டுக்கதையில் கிருஷ்ணன், சாபம் கொடுப்பவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார். ஒரே சீட்டுக்கு இரண்டு படம்! பக்தி பார்க்க வந்தவன் பகுத்தறிவையும் கேட்டுவிட்டுப் போனான்.

எல்லாம் பொன் என்று கூறமாட்டோம். அவர் பழைய காட்சிகள் சிலவற்றில் மனைவியை மிரட்டிச் சிரிப்பு வாங்கும் வழக்கமும் உண்டு. இன்று பார்த்தால் முகம் சுளிக்கிறது. ஆனால் பக்கத்தில் மதுரம் நிற்கிறாரே! அவர் வாங்கிக்கொண்டு போகிறவர் அல்ல. கணவன் அளந்து விடுவான், மனைவி ஒரே சொல்லில் ஊசி குத்திக் காற்றை இறக்குவாள். பொத்தானைத் தட்டினால் பலகாரம் வந்து நிற்கும் காலம் வரப்போகிறது என்று விஞ்ஞானப் பெருமை பேசும் அவர் பாட்டைக் கேட்டிருப்பீர்கள். அறிவியலைப் போற்றும் பாட்டுத்தான். ஆனாலும், வாய்ப்பந்தல் போடும் ஆண்பிள்ளையும் அங்கே தப்பவில்லை.

இனி, நம் வட்டாரத்துக்கு வருவோம்.

அவிநாசிபாளையம் நால்ரோட்டில் தெற்கே திரும்பினால் தாராபுரம். அங்கிருந்து மேற்கே போனால் உடுமலை வட்டாரம். அந்த வட்டாரத்துப் பூளவாடியில் 1899-இல் பிறந்தவர் நாராயணகவி. கலைவாணரின் பாட்டுகளுக்குப் பின்னால் இருந்த பகுத்தறிவுக் கவிராயர் நம் மாவட்டத்துக்காரர் என்பதை எத்தனை பேர் அறிவோம்? 'கிந்தனார்' கதாகாலட்சேபத்தைக் கலைவாணருக்கு எழுதித் தந்தவர் அவர்தான்.

கதாகாலட்சேபம் என்றால் என்ன? பாகவதர் நிற்பார், சப்ளாக்கட்டை தட்டுவார், புராணம் சொல்வார், நடுவே பாடுவார், நடுவே கேலி பேசுவார். ஒரே ஆள், ஒரு மேடை, எதிரே கூட்டம்! தம்பி, இதைத்தான் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்களாம்! அந்தப் பாகவதர் கோலத்தை அப்படியே எடுத்துக்கொண்டார் கலைவாணர். கதையை மட்டும் மாற்றினார்.

நந்தனார் கதை எல்லோருக்கும் தெரியும். கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள் 1935-இல் நந்தனாராக நடித்தார். தண்டபாணி தேசிகர் 1942-இல் நடித்தார். சிதம்பரம் போக ஆசைப்பட்டான் நந்தன், தீயில் இறங்கினான். கிந்தனோ படிக்க ஆசைப்பட்டான், ரயிலில் ஏறினான். அவ்வளவுதான் வேறுபாடு. ஆனால் அந்த வேறுபாட்டுக்குள் ஒரு நூற்றாண்டு இருக்கிறது! தாழ்த்தப்பட்ட சாதிப் பையனுக்குப் பள்ளிக்கூட வாசல் அடைத்திருக்கிறது. ரயில் பெட்டியின் வாசலோ திறந்திருக்கிறது. பெட்டிக்குள் யார் பக்கத்தில் யார் உட்கார்வது என்று எந்தச் சாத்திரமும் சொல்லவில்லை. சீட்டு வாங்கியவன் உட்காரலாம். கலைவாணர் தம் வாயாலேயே ரயிலை ஓட்டிக் காட்டினார். கூட்டம் சிரித்தது.

யாரைப் பார்த்து? அதைக் கவனிக்க வேண்டும். கிந்தனைப் பார்த்து அல்ல. கிந்தனின் கறுத்த மேனியையோ, கிழிந்த துணியையோ, அவன் பேசும் தமிழையோ பார்த்து அல்ல. அவன் படிக்கக் கூடாது என்றானே, அவனைப் பார்த்துச் சிரித்தது. அப்படிச் சொன்னவனும் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருந்தான். அவனும் சிரித்தான்! சிரித்து முடித்த பிறகுதான் தன்னைப் பார்த்தே சிரித்தோம் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும்.

'கிந்தனார்' இடம்பெற்ற 'நல்லதம்பி' படம் 1949-இல் வந்தது. கதை வசனம் எழுதியவர் அறிஞர் அண்ணா. அதே ஆண்டு செப்டம்பரில் கழகம் பிறந்தது. அந்த அண்ணா, பெரியாரை முதன்முதல் சந்தித்தது 1934-இல், நம் திருப்பூரில். ஊர்ப்பெருமை பேசுகிறோம் என்று நினைக்க வேண்டாம். பனியன் மட்டுமே இந்த ஊரில் விளைந்தது என்று எண்ணிக்கொண்டிருப்போர்க்காகக் கூறுகிறோம்.

இதற்கு நடுவே சிறை. 1944 நவம்பரில், 'இந்துநேசன்' என்னும் மஞ்சள் பத்திரிகை நடத்திவந்த லட்சுமிகாந்தன் சென்னையில் குத்திக் கொல்லப்பட்டார். அடுத்த திங்களில் எம்.கே. தியாகராஜ பாகவதரும் கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டனர். கோவை பட்சிராஜா ஸ்டூடியோ ஸ்ரீராமுலு நாயுடுவும் அந்த வழக்கில் சேர்க்கப்பட்டு விடுதலையானார். மற்ற இருவருக்கும் 1945-இல் ஆயுள் தண்டனை. இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், மறுவிசாரணைக்கு வந்து, 1947 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் விடுவித்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இரும்புக் கம்பிக்குப் பின்னால்!

அந்த நாளில் மக்கள் என்ன செய்தனர் என்பதை எண்ணிப் பார்க்கிறோம். பாகவதரும் கிருஷ்ணனும் நடித்த 'ஹரிதாஸ்' 1944-இல் வெளிவந்து, மூன்று தீபாவளிகளைக் கண்டு சென்னை பிராட்வே கொட்டகையில் ஓடியது. நடித்தவர்கள் சிறையில், படம் வெள்ளித்திரையில்! மஞ்சள் பத்திரிகையை மறைத்து வாங்கிப் படித்ததும் இதே மக்கள்தாம், வரிசையில் நின்று சீட்டு வாங்கி அழுததும் சிரித்ததும் இதே மக்கள்தாம். மக்களைக் குறை கூறவில்லை. நாமும் மக்களே.

வெளியில் மதுரம் சும்மா இருக்கவில்லை. எஸ்.வி. சகஸ்ரநாமம் முதலியோருடன் நாடகக் குழுவை நடத்தினார். 'பைத்தியக்காரன்' நாடகம் போட்டனர், அது படமாகியது. விடுதலையானபின் கலைவாணர் அதிலும் தோன்றினார். வந்த பிறகு பாகவதருக்குப் பழைய ஒளி திரும்பவில்லை. கலைவாணருக்குத் திரும்பியது. ஏன்? குரலுக்காக நேசித்தவர்கள் அடுத்த குரலைத் தேடிப் போய்விடுவர். தன் வீட்டுக் கதையைத் தன்னிடமே சொல்லிச் சிரிக்க வைத்தவனை அவ்வளவு எளிதில் மறப்பதில்லை. இது நம் கருத்து, வேறு கருத்து உடையோர் கூறலாம். 1951-இல் 'மணமகள்', 1952-இல் 'பணம்' — இரண்டையும் இயக்கியவர் அவரே, இரண்டுக்கும் வசனம் கலைஞர் கருணாநிதி. 'பணம்' படத்தில், பணம் எங்கே போய் ஒளிந்தது என்று தேடித் தேடிப் பாடுவார். சனிக்கிழமை சம்பளம் வாங்கி, மளிகைக் கடை, சீட்டுக் கட்டு, வாடகை எல்லாம் கொடுத்துவிட்டு, ஞாயிறு இரவு சட்டைப் பையைத் தடவிப் பார்க்கும் திருப்பூர்த் தொழிலாளிக்கு அந்தப் பாட்டை விளக்க வேண்டுமா என்ன?

1956-இல் வந்த 'ராஜா ராணி'யில் சிரிப்பையே பொருளாக வைத்துப் பாடினார். சிரிப்பிலே எத்தனை வகை உண்டு என்று சிரித்தே காட்டினார். அசட்டுச் சிரிப்பு ஒருவகை, ஆணவச் சிரிப்பு ஒருவகை. இதை நினைவில் வையுங்கள்.

1957 தேர்தல். காஞ்சியில் அண்ணா நின்றார். எதிர்த்து நின்ற காங்கிரஸ்காரர் ஒரு மருத்துவர், ஊரில் நல்ல பெயர் உள்ளவர். கலைவாணர் பிரசாரத்துக்கு வந்தார். நம் மேடைகளில் பலமுறை சொல்லப்பட்ட செய்தி இது. பழைய தோழர்கள் பொறுத்தருள்க, இளைஞர்க்காகக் கூறுகிறோம். மேடை ஏறியவர் மருத்துவரைப் புகழத் தொடங்கினாராம். எவ்வளவு கைராசிக்காரர், எவ்வளவு நல்லவர் என்று அடுக்கினாராம். கழகத் தோழர்களுக்கு வியர்த்துவிட்டது. இவர் யாருக்கு வாக்குக் கேட்க வந்தார்? கடைசியில் சொன்னாராம்: இப்படிப்பட்ட மருத்துவரைச் சட்டசபைக்கு அனுப்பிவிட்டால் உங்களுக்கு வைத்தியம் பார்ப்பது யார்? அவரை ஊரிலே வைத்துக்கொள்ளுங்கள், அண்ணாவை அங்கே அனுப்புங்கள்!

அண்ணா வென்றார். கழகத்தார் 15 பேர் அந்த ஆண்டு சட்டசபைக்குள் சென்றனர். மருத்துவருக்கு என்ன ஆயிற்று? தோற்றார், ஆனால் காயப்படவில்லை. மறுநாள் காலை அவர் வீட்டு வாசலில் நோயாளிகள் வழக்கம்போல நின்றிருப்பார்கள். அவர் மனைவி மக்கள் தலைநிமிர்ந்து தெருவில் நடந்திருப்பார்கள்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 30-இல் கலைவாணர் மறைந்தார். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. சென்னையில் அவர் சிலையை 1969 சனவரியில் அண்ணா திறந்து வைத்தார். அண்ணா கலந்துகொண்ட கடைசிப் பொதுநிகழ்ச்சி அதுவே என்பர். நம்மவர் என்று நாம் மட்டும் உரிமை கொண்டாடவும் முடியாது. காந்தியாருக்குச் சொந்தப் பணத்தில் நாகர்கோவிலில் நினைவுத்தூண் எழுப்பியவர் அவர். பொதுவுடைமைத் தோழர்களுக்கும் நண்பர். கொடி பார்த்துக் கொடுத்த கை அல்ல அது.

இப்போது நம் கணக்கு.

சில திங்களுக்கு முன் இதே வட்டாரத்தில் ஒரு தெருமுனைக் கூட்டம். பேசியவர்களுள் நாமும் ஒருவர். இந்தித் திணிப்பைப் பற்றிப் பேசினோம். வரலாறு சொன்னோம், கூட்டம் கேட்டது. புள்ளி விவரம் சொன்னோம், கூட்டம் கலையத் தொடங்கியது. மேடைப் பழக்கம் உள்ளவர்க்குத் தெரியும், பின்வரிசை கலைவதைப் பார்த்தால் நாக்கு தடம் மாறும். நமக்கும் மாறியது. வடநாட்டுப் பையன்கள் பேருந்தில் ஏறுவது எப்படி, பான் மெல்லுவது எப்படி, நம் தமிழை உச்சரிப்பது எப்படி என்று நடித்துக் காட்டினோம். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கலைந்தவர்கள் திரும்பி வந்தார்கள். இறங்கியபோது தோளில் தட்டினார்கள். "வெளுத்து வாங்கிட்டீங்க தோழர்!"

தேநீர்க் கடையோரம் ஓர் அம்மையார் நின்றிருந்தார். செக்கிங் வேலைக்குப் போகிறவர். அருகில் வந்து மெல்லச் சொன்னார்:

"நல்லாப் பேசினீங்க கண்ணு. ஒண்ணு மட்டும் சொல்லட்டுங்களா? அந்தப் பையன் எங்க லைன் வீட்லதான் குடியிருக்கறான். நீங்க பேசறப்ப அந்த ஓரமாத்தான் நின்னுட்டிருந்தான். அவனுக்கு ஒண்ணும் புரியல. எல்லாரும் சிரிக்கறாங்கன்னு அவனும் சிரிச்சானுங்க."

தோழர்களே, எத்தனையோ மேடைகளில் எதிர்க்கேள்வி கேட்டவர்களுக்கு விடை சொல்லியிருக்கிறோம். இதற்கு விடை சொல்ல வாய் வரவில்லை.

நாம் எதிர்ப்பது இந்தியைத் திணிக்கும் டில்லியை. டையிங் பட்டறையில் சாயத் தண்ணீரில் நின்று, ஒன்றரை ஷிப்ட் வேலை பார்த்து, பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேராகப் படுத்து, ஊருக்குப் பணம் அனுப்பும் பையனை அல்ல. அவன் மொழியை வைத்து நாம் சிரித்தால், பம்பாயிலும் பெங்களூரிலும் தமிழனை அவன் பேச்சை வைத்துச் சிரித்தவர்களுக்கும் நமக்கும் என்ன வேறுபாடு? இலங்கைத் தோட்டத்துக்கும் மலேயா ரப்பர்க் காட்டுக்கும் போன நம் பாட்டன்மாரை அங்குள்ளோர் எப்படி நடித்துக் காட்டியிருப்பர்?

சிரிப்புத்தானே, இதில் என்ன வந்துவிட்டது என்பார்கள். 2023 மார்ச்சில் என்ன வந்தது என்று திருப்பூர் அறியும். தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய்ப் படங்களைப் பரப்பினார்கள். அஞ்சிய தொழிலாளர்கள் ஊருக்குப் புறப்பட்டனர். பீகார் அரசின் குழு நேரில் வந்து பார்த்து, அவை பொய் என்று உறுதி செய்துகொண்டு போனது. பொய் பரப்பியவன் வேறு யாரோ, உண்மை. ஆனால் அந்தப் பொய்யை நம்பச் செய்யும் வேலையைக் கேலி பேசியவர்களும் செய்தனர், தெரியாமல்.

இதைக் கூறுவதால் நகைச்சுவைக்குக் கடிவாளம் போடச் சொல்கிறோம் என்று யாரும் திரித்துவிட வேண்டாம். 2021 சனவரியில் முனாவர் ஃபாரூக்கி என்ற இளைஞரை இந்தூரில் பிடித்து ஒரு திங்களுக்கு மேல் சிறையில் வைத்தனர். மேடையில் அவர் சொல்லவே இல்லாத வேடிக்கைக்காக! 2025 மார்ச்சில் குணால் கம்ரா மகாராட்டிரத்துத் துணை முதலமைச்சரைப் பெயர் கூறாமல் பாட்டில் கேலி செய்தார் என்று, நிகழ்ச்சி நடந்த மும்பை அரங்கையே அடித்து நொறுக்கினர். விழுப்புரத்தில் குடியிருக்கும் அவருக்குச் சென்னை உயர்நீதிமன்றம்தான் இடைக்கால முன்ஜாமீன் தந்தது. அவர்கள் சிரித்தது அதிகாரத்தைப் பார்த்து. அந்தச் சிரிப்புக்கு நாம் என்றும் துணை நிற்போம். நாளை எந்தக் கட்சிக்காரர் நாற்காலியைப் பார்த்துச் சிரித்தாலும், நம் கட்சிக்காரர் நாற்காலியானாலும், துணை நிற்க வேண்டும். அது கொஞ்சம் கடினம். கலைவாணர் ரசிகர்கள் என்று சொல்லிக்கொண்டால் அந்தக் கடினமும் சேர்ந்துதான் வரும்.

நம் மேடையில் பெண்களின் உடலைப் பேசிக் கைத்தட்டல் வாங்குவோர் உண்டு. எதிர்க்கட்சிக்காரர் வீட்டுப் படுக்கையறையை எட்டிப் பார்ப்போர் உண்டு. பெயர் கூற மாட்டோம். பெயர் கூறத் தொடங்கினால் முதற்பெயர் நம்முடையதாக இருக்க வேண்டும். கூட்டம் கலைகிறதே, என்ன செய்வது என்பார்கள். கலையட்டுமே! காஞ்சியில் அந்த மனிதர் கூட்டத்தைக் கட்டிப்போட்டது எதிரியைப் புகழ்ந்தல்லவா?

மீண்டும் அந்தத் தேநீர்க் கடைக்கு வருகிறோம். கட்டிங் வேலை பார்க்கும் தம்பியின் கைப்பேசியிலேயே 'கிந்தனார்' தேடி எடுத்தோம். ஒலி கரகரத்தது, படம் கோடு கோடாக ஓடியது. சுற்றி ஏழெட்டுப் பேர் கூடினார்கள். அம்மையார் சொன்ன அந்தப் பையனும் வந்து நின்றான். ஜார்க்கண்டுக்காரன். தன்பாத்திலிருந்து ஆலப்புழை போகும் வண்டியில் ஏறி, திருப்பூரில் இறங்கியவன்.

கலைவாணர் வாயாலே ரயிலை ஓட்டத் தொடங்கியதும் பையன் முகம் மலர்ந்தது. "ட்ரெயின்! ட்ரெயின்!" என்றான். ஆமாம் என்றோம். கைப்பேசியை ஒதுக்கிவிட்டு, தான் வந்த கதையை அவனே காட்டத் தொடங்கினான். பாதி தமிழ், பாதி கை. முன்பதிவு இல்லாத பெட்டி. ஏறும்போது ஒரு காலில் செருப்பு, இறங்கும்போது இரண்டு காலிலும் இல்லை. கழிப்பறை வாசலில் உட்கார இடம். யாராவது உள்ளே போக வந்தால் எழுந்து சலாம் வைத்து வழிவிட வேண்டும், உட்கார்ந்தால் அடுத்தவர் வந்துவிடுவார். எழுவதும் உட்கார்வதுமாக இரண்டு இரவு. எழுந்து எழுந்து சலாம் வைத்துக் காட்டினான் பாருங்கள், நால்ரோடே சிரித்தது. தேநீர் ஆற்றுகிறவர் ஆற்றுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"இன்னொருக்கா காட்டுடா தம்பி" என்றார் அம்மையார்.

வேன் வந்து ஒலி எழுப்பியது. இரவு ஷிப்ட் ஆட்கள் ஏறிக்கொண்டார்கள், அவனும் ஏறினான்.